காரணம் என்ற கட்டம்

பறவைக் காய்ச்சல் மாதங்களில்
மேற்கேயிருந்து வரும் வண்டிகளின் சக்கரத்துக்கு
மருந்தடிப்பது என் வேலை.
கோபாலபுரம் சாவடி. தினக்கூலி.
இரவென்றால் ஐம்பது ரூபாய் கூட.
முன்னால் இரண்டு, பின்னால் நான்கு, மட்கார்டின் உள்பக்கம்.
பிறகு பதிவேடு:
வண்டி எண், புறப்பட்ட ஊர், போகும் ஊர், சரக்கு.

இரண்டு நாற்பத்தொன்றுக்கு நின்றது ஒரே லாரி.
தேங்காய் மட்டை, கொழிஞ்சாம்பாறையிலிருந்து
நார் மில்லுக்கு என்றான் சுகுணன்.

வலது பின் சக்கரத்தில் குனிந்திருந்தேன்.
ஈரத் தாரில் என் நிழல் சட்டென்று கறுத்தது.
எவனோ ஹைபீம் போட்டு வருகிறான் என்றுதான் நினைத்தேன்.
ஆனால் நிழல் நகர்ந்தது.
காலைப் பிடித்தபடியே
என்னைச் சுற்றி அரைவட்டம் போட்டது.
பனையின் நிழல், கம்பத்தின் நிழல்,
தடுப்புக் கட்டையின் நிழல்,
எல்லாம் ஒன்றாகத் திரும்பின,
வகுப்புக்குள் யாரோ நுழைந்த மாதிரி.

நிமிர்ந்தேன்.
ஆனைமலைக்கு மேலே பச்சை.
இலைப் பச்சை இல்லை.
வெல்டிங் பட்டறையைக் கடக்கும்போது
பார்க்காதே என்பார்களே,
அந்த வெளிச்சத்தின் ஓரத்தில் இருக்கும் பச்சை.
உச்சிக்கு வரும்போது வெள்ளை.
வடக்கே இறங்கும்போது சிவந்து, மூன்றாக உடைந்து,
மூன்றும் கொஞ்ச தூரம் கூடவே போய்
அணைந்தன.

சத்தமே இல்லை.
என் கையில் பம்பு மட்டும் உஸ்ஸென்று
தரைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தது.

"உளுந்துருச்சு பாரு, அந்தப்பக்கம்,"
நாற்காலியை விட்டு எழுந்திருந்தார் திருமூர்த்தி சார்.
"இல்ல சாரே, உங்க பக்கம்தான்," என்றான் சுகுணன்.
இருவர் விரலும் ஒரே இடத்தைத்தான் காட்டின.

அப்போது
மட்டைக்கு அடியிலிருந்து
ஒரு சேவல் கூவியது.

அரைகுறையாக இல்லை, தொண்டை முழுக்க.
தார்ப்பாயின் ஏதோ ஓட்டை வழியாக
அதற்கு விடிந்துவிட்டிருக்கிறது.
அதற்கு இன்னொன்று பதில் சொன்னது.
பிறகு இன்னொன்று.
சுகுணனின் முகம் இன்னும் வானத்தைப் பார்த்தபடி.
கண் மட்டும் என்னிடம் வந்துவிட்டது.

அதற்கும் அப்புறம்தான் வந்தது சத்தம்.
மலைக்குள் பாறைக்கு வெடி வைத்ததுபோல் இரண்டு முறை.
தகரக் கூரை அதிர்ந்தது, மேசையில் கிளாஸ் நடுங்கியது.
சேவல்கள் வாயை மூடிக்கொண்டன.

மட்டையை விலக்கினால் நான்கு கூடை.
கோணி சுற்றி, கால் கட்டி,
சூதாட்டக் கட்டுக்குப் போகிற சாதிச் சேவல்கள்.
செவலை ஒன்று என்னை ஒற்றைக் கண்ணால் பார்த்தது,
விடிந்ததா இல்லையா என்று கேட்பதுபோல.

"சேச்சி, வழி முழுக்க மூச்சு விடலை.
மேல இருக்கறதே காட்டிக்கொடுக்கும்னு யாரு கண்டா?
ஒரு தடவை விடுங்க."

போன தையில் எங்கள் தெருவுக்கும் வண்டி வந்தது.
முகமூடி போட்டவர்கள் எண்ணி எண்ணிச் சாக்கில் போட்டார்கள்.
என் வீட்டுக் கணக்கு பதினொன்று.
அடைக்கு உட்கார்ந்திருந்ததை முட்டையோடு எடுத்தார்கள்.
குழி, சுண்ணாம்பு, கையெழுத்து.

"திருப்புங்க," என்றேன்.
பின்னோக்கி, முன்னோக்கி, பின்னோக்கி,
குறுகிய சாலையில் லாரி திரும்பியது.
திரும்பிப் போகிற சக்கரத்துக்கு மருந்து கிடையாது.

பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில்
'கூவியது' என்று எழுதினேன்.
சார் அதை அடித்துவிட்டு
'சோதனையில் கண்டறியப்பட்டது' என்று எழுதினார்.
வெளிச்சத்துக்குக் கட்டம் இல்லை.

ஆறு மணிக்கு வீட்டுக்கு நடந்தேன்.
கிழக்கு முறைப்படி வெளுத்தது, யாருக்கும் சொல்லாமல்.
எங்கள் தெருவில் அதைக் கூவிச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.
வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த செவந்தியக்கா
பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டாள்:
"பாத்தியா ராத்திரி? எங்க புள்ள உளுந்துச்சு?"

கையில் குளோரின் நாற்றம்.
"அந்தப்பக்கம்," என்றேன்.